கடலுக்குக் கீழே அஞ்சு நிமிஷம்

கடலுக்கு அடியில் ரோடு போட்டால் தண்ணீர் ஒழுகாதா?

நார்வேக்குப் போய்விட்டு வந்தேன் என்று சொன்னால், பத்தில் எட்டுப் பேர் இதைத்தான் கேட்கிறார்கள். மீதி ரெண்டு பேர் எவ்வளவு செலவாச்சு என்று கேட்கிறார்கள். அவர்களும் என்னை மாதிரி பி.காம். ஆக இருக்க வேண்டும்.

ஒழுகும் சார். நன்றாகவே ஒழுகும். பாறையைக் குடைந்து போட்ட ரோடு, தலைக்கு மேலே கடல், ஒழுகாமல் என்ன செய்யும்? பெரிய பிளவுகளில் சிமெண்ட் குழம்பைப் பிரஷரில் ஏற்றி அடைத்துவிடுகிறார்கள். அதையும் மீறிக் கசிவதைச் சுரங்கத்தின் அடிமட்டத்தில் ஒரு தொட்டியில் சேர்த்து, பம்ப் வைத்து இறைத்து மறுபடி கடலிலேயே கொண்டுபோய் விடுகிறார்கள். ராப்பகலாக, வருஷம் பூரா. நம் வீட்டு மொட்டை மாடி ஒழுகினால் பக்கெட் வைக்கிறோமே, அதே டெக்னாலஜிதான். பக்கெட் கொஞ்சம் பெரிசு.

நான் போனது நார்வேயின் வடக்கு ஓரத்தில் இருக்கும் மாகெரோயா என்கிற தீவுக்கு. நார்த் கேப் என்று டூரிஸ்ட்டுகள் கும்பல் கும்பலாகப் போய்ப் படம் எடுத்துக்கொள்கிறார்களே, 307 மீட்டர் உயரச் செங்குத்துப் பாறை, அது இந்தத் தீவில்தான் இருக்கிறது. வருஷத்துக்கு ரெண்டு லட்சம் பேருக்கு மேல் வருகிறார்கள். நான் அதற்காகப் போகவில்லை. என் அக்கா இருக்கிறாள்.

அக்காவுக்கும் எனக்கும் பன்னிரண்டு வயசு வித்தியாசம். அத்தான் யாழ்ப்பாணத்துக்காரர். எண்பதுகளில் அவருடைய அப்பா அம்மா திருச்சியில் வந்து எங்கள் தெருவில் குடியிருந்தார்கள். அவர் மட்டும் நார்வேக்குப் போய், ஃபின்மார்க் பக்கம் மீன் வெட்டும் ஃபாக்டரியில் வேலைக்குச் சேர்ந்தார். அந்தக் காலத்தில் ஃபின்மார்க்கின் மீன்பிடி ஊர்களுக்கு இலங்கைத் தமிழர்கள் நிறையப் பேர் வேலைக்குப் போனார்கள். உள்ளூர்க்காரர்கள் செய்யத் தயங்கிய வேலை. பனி, இருட்டு, கத்தி, காட் மீன். அத்தான் சொல்லுவார்: "முதல் வருசம் நான் கனவிலயும் மீன்தான் வெட்டினனான் தம்பி."

1999 பிப்ரவரியில் கல்யாணமாகி அக்கா அங்கே போய்ச் சேர்ந்தாள். அப்போது தீவுக்கு ரோடு கிடையாது. கோஃபியோர்ட் என்ற இடத்திலிருந்து ஹோனிங்ஸ்வோக் ஊருக்கு முக்கால் மணி நேரம் ஃபெரியில் போக வேண்டும். காவேரியில் பரிசல்கூட ஏறாத அக்கா, பட்டுப் புடவைக்கு மேல் அத்தானின் கோட்டைப் போட்டுக்கொண்டு ஆர்க்டிக் கடலில் போனாள். போன வேகத்தில் எழுதிய கடிதத்தில் இருந்த ஒரே செய்தி: "வாந்தி."

அதே வருஷம் ஜூன் 15-ம் தேதி ராஜா ஹரால்ட் வந்து சுரங்கத்தைத் திறந்துவைத்தார். அக்காவுக்காகத்தான் அவசரமாகத் திறந்தார்கள் என்பது அத்தானின் கட்சி.

சுரங்கத்தின் நீளம் 6.87 கிலோமீட்டர். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. தீவுக்கும் கரைக்கும் நடுவில் கடல் ரெண்டு கிலோமீட்டர்கூட இல்லை. பிறகு எதற்கு ஏழு கிலோமீட்டர்? எனக்கும் கணக்கு உதைத்தது. ஏதாவது கான்ட்ராக்டர் வேலையோ என்றுகூட சந்தேகப்பட்டேன். (நம் ஊர்ப் பழக்கம், மன்னிக்கவும்.)

விஷயம் இதுதான். கடலின் தரைக்குக் கீழே பாறை கனமாக இருக்க வேண்டும். நார்வேயில் பொதுவாக ஐம்பது மீட்டர் பாறையாவது மேலே இருக்கிற மாதிரி பார்த்துக்கொள்வார்கள். கடலின் ஆழத்தோடு அதையும் கூட்டினால் இந்தச் சுரங்கத்தின் அடிமட்டம் கடல் மட்டத்துக்கு 212 மீட்டர் கீழே போகிறது. திருச்சி மலைக்கோட்டை 83 மீட்டர். ரெண்டரை மலைக்கோட்டையை ஒன்றன் மேல் ஒன்று அடுக்கித் தலைகீழாகக் கவிழ்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவு ஆழம். அத்தனை ஆழத்துக்கு லாரியும் பஸ்ஸும் இறங்க வேண்டுமே, லிஃப்டா வைக்க முடியும்? நூறு மீட்டர் போனால் ஒன்பது மீட்டர் இறங்கும் சரிவு. கீழே போய்ச் சேரவே ரெண்டு கிலோமீட்டருக்கு மேல், மறுபடி ஏற அதே அளவு. ஏழு கிலோமீட்டரில் பெரும் பகுதி வந்துவிட்டதா?

லாக்செல்வ் ஏர்போர்ட்டிலிருந்து அத்தான் காரில் கூட்டிப் போனார். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் மொட்டைப் பாறை, நடுவில் ரோடு. மரம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. ரெண்டு மணி நேரம் கழித்து மலையில் ஒரு ஓட்டை தெரிந்தது.

"தம்பி, காது அடைக்கும். எச்சிலை விழுங்கும்" என்றார்.

உள்ளே போனதும் இறக்கம். சரியான இறக்கம். மஞ்சள் விளக்கு, கரடுமுரடான சுவர். அத்தானுடையது எலெக்ட்ரிக் கார். இறங்கும்போது பிரேக்கிலிருந்தே பாட்டரிக்குக் கரண்ட் ஏறுகிறது. பெருமையாக மீட்டரைக் காட்டினார். வரவு! அடிமட்டம் தாண்டி ஏற ஆரம்பித்ததும் மீட்டர் விறுவிறுவென்று இறங்கியது. செலவு! வந்ததைவிடப் போனது அதிகம். ஒன்றாம் தேதி சம்பளத்தை நான் பார்க்கிற மாதிரியே இருந்தது. எதிரில் ஒரு லாரி மூச்சு வாங்கிக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தது. இந்த மாதிரி சரிவில் கனரக வண்டிகள் சூடேறுவது நிஜமான ஆபத்து. 2011-ல் ஒஸ்லோ பக்கம் ஒஸ்லோஃபியோர்ட் சுரங்கத்தில் ஒரு லாரி தீப்பிடித்து, புகையில் ஜனங்கள் மாட்டிக்கொண்டார்கள். கடலுக்கு அடியில் பயப்பட வேண்டியது தண்ணீருக்கு இல்லை, நெருப்புக்கு. இதை அத்தான் எனக்கு அடிமட்டத்தில் வைத்துச் சொன்னார். கொஞ்சம் மேலே போய்ச் சொல்லியிருக்கலாம்.

சரியாக அஞ்சு நிமிஷம். வெளியே வந்துவிட்டோம். ராத்திரி பதினோரு மணி, சூரியன் ஜம்மென்று அடித்துக்கொண்டிருந்தது.

இப்போது கணக்குக்கு வருவோம். (பக்கத்தைப் புரட்டாதீர்கள், ரெண்டே பாரா!)

இந்த நாட்டில் தீவுக்குச் சுரங்கம் போடுவது புதுசு இல்லை. 1982-லேயே வார்டோ என்ற தீவு நகரத்துக்கு 2.9 கிலோமீட்டரில் முதல் கடலடி ரோடு போட்டுவிட்டார்கள். அதற்கப்புறம் முப்பதுக்கு மேல் ஆகிவிட்டது. 2019-ல் திறந்த ரீஃபில்கே சுரங்கம் 14.4 கிலோமீட்டர், 292 மீட்டர் ஆழம். இப்போது ரோக்ஃபாஸ்ட் என்று ஒன்று தோண்டிக்கொண்டிருக்கிறார்கள், சுமார் 390 மீட்டர் ஆழத்துக்கு. இத்தனைக்கும் பணம்? பெரும்பாலும் கடன் வாங்கித் தோண்டுவார்கள். திறந்ததும் டோல் போடுவார்கள். ஃபெரிக்கு வருஷா வருஷம் அரசாங்கம் கொடுக்கிற மானியம் மிச்சமாகிறது இல்லையா, பல இடங்களில் அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்வார்கள். இந்த மாகெரோயா சுரங்கத்தில் காருக்கும் டிரைவருக்கும் ஒரு கட்டணம், உள்ளே உட்கார்ந்திருக்கிற ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு கட்டணம் வைத்திருந்தார்கள். சும்மா சொல்லக்கூடாது, சினிமா தியேட்டர் மாதிரி ஆள் எண்ணி டிக்கெட்.

"உம்மட அக்கா மாசமா இருக்கேக்கை, உள்ளுக்கை இருக்கிறவருக்கும் சேர்த்தோ காசு எண்டு கவுண்டரில கேட்டனான்" என்றார் அத்தான். "அவன் சிரிக்கேல்லை. புத்தகத்தைப் புரட்டிப் பாத்திட்டு, இல்லையெண்டான்."

எனக்கு ஆச்சரியமாக இருந்தது இதெல்லாம் இல்லை. 2012 ஜூன் 29-ம் தேதி டோல் வசூலை நிறுத்திவிட்டார்கள். பதிமூன்று வருஷம் வசூலித்தார்கள், நிறுத்தினார்கள், அவ்வளவுதான்! சாவடி வைத்தால் சந்திர சூரியர் உள்ளவரை இருக்கும் என்று நம்பி வளர்ந்தவன் நான். கடன் கட்டி முடிந்ததும் கட்டணம் நின்றுபோவது என்பதை பாடப் புத்தகத்தில்கூட எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கட்டியதில் பெரும் பங்கு வெளிநாட்டு டூரிஸ்ட்டுகளின் காசாக இருக்கும் என்று அத்தான் சந்தோஷமாகச் சொன்னார். உடனே, "ஆனா நானும் குடுத்தனான், அதால இதில ஒரு அடி என்ர" என்றும் சொன்னார். எந்த அடி என்று காட்டச் சொன்னேன். "குறுக்காலயோ நெடுக்காலயோ எண்டு இன்னும் முடிவெடுக்கேல்லை."

டோல் கட்டாமலே கடலைத் தாண்டுகிற கூட்டம் ஒன்று அங்கே உண்டு. ரெய்ண்டீர் மான்கள். சாமி இனத்து மேய்ப்பர்கள் வசந்தத்தில் அவற்றைத் தீவுக்கு மேய்ச்சலுக்குக் கொண்டுவருகிறார்கள். படகில்! குட்டிகளும் சினை மான்களும் இருப்பதால் இந்த உபசாரம். இலையுதிர் காலத்தில் தின்று கொழுத்ததும் படகு கிடையாது, நீந்திப் போய்விட வேண்டும். சுமார் ரெண்டு கிலோமீட்டர். சுரங்கம் வந்த பிறகும் மான்களுக்குப் பழைய வழிதான் பிடித்திருக்கிறது. ஆனால் 2018 கோடையில் வெயில் உறைத்தபோது வட நார்வேயில் மான்களும் ஆடுகளும் குளுகுளுவென்று இருக்கிறதே என்று சுரங்கங்களுக்குள் வந்து படுத்துக்கொண்டன. கார்க்காரர்களுக்கு எச்சரிக்கை விட வேண்டியதாயிற்று.

சரி, நான் எதற்காகப் போனேன் என்று சொல்லவே இல்லையே.

அம்மா அனுப்பினாள். அம்மாவுக்கு வயசு எழுபத்தாறு. காலண்டரின் பின்பக்க உலக வரைபடத்தில் நார்வேயின் உச்சியில் ஒரு குங்குமப் பொட்டு வைத்திருக்கிறாள். "தீவுல இருக்கா, தீவுல இருக்கா" என்று இருபத்தஞ்சு வருஷமாக ஒரே புலம்பல். சுரங்கம் வந்துவிட்டது, இப்போது அது தீவே இல்லை என்று சொன்னால், "பூமிக்கு அடியில பூந்து போறது ஒரு வழியாடா?" என்பாள். அக்கா மகள் ஒஸ்லோவில் நர்ஸ் படிப்பு முடிக்கப்போகிறாள், அக்காவும் அத்தானும் அந்த ஊரைக் காலி செய்துவிட்டு ஒஸ்லோவுக்குப் போக வேண்டும், அதை நான் நேரில் பேசி முடிக்க வேண்டும். எலுமிச்சை ஊறுகாயோடு எனக்குத் தரப்பட்ட பொறுப்பு இது. டிக்கெட் அக்கா எடுத்தாள் என்பதை அம்மா வசதியாக மறந்துவிட்டாள்.

அம்மாவின் பேச்சில் நியாயம் இல்லாமல் இல்லை. ஹோனிங்ஸ்வோக் சின்ன ஊர். ரெண்டாயிரத்துச் சொச்சம் பேர். 1944-ல் ஜெர்மன் படை பின்வாங்கும்போது ஊரையே கொளுத்தியதில் மிஞ்சிய ஒரே கட்டடம் சர்ச். ஊர் பூராவும் அதற்கப்புறம் கட்டியது. நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி கடைசிப் பக்கம் வரை சூரியன் எட்டிப் பார்க்காது. பெரிய ஆஸ்பத்திரி ஹாம்மர்ஃபெஸ்ட்டில், சுமார் 180 கிலோமீட்டர்.

அந்த 180 கிலோமீட்டரைப் பற்றி அக்கா இப்போதுதான் என்னிடம் சொன்னாள். (அம்மா இந்த இதழைப் படிக்காமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை தங்கையிடம் கொடுத்திருக்கிறேன்.)

2001 ஜனவரி. டாக்டர் சொன்ன தேதிக்கு ரெண்டு வாரம் முன்னாலேயே சாயங்காலம் வலி எடுத்துவிட்டது. வெளியே பனிப்புயல். ஹெலிகாப்டர் கிளம்ப முடியாது என்றார்கள். ஆம்புலன்ஸ் வந்தது. பனி தள்ளும் வண்டி முன்னால் போக, அதன் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டே பின்னால் ஊர்ந்து போக வேண்டும். காற்று வண்டியைத் தள்ளுகிறது. டிரைவருக்குத் தன் வண்டியின் மூக்கே தெரியவில்லை. அக்கா தமிழில் கத்துகிறாள், நர்ஸ் நார்வேஜிய மொழியில் ஆறுதல் சொல்கிறாள், அத்தான் ரெண்டு பாஷையிலும் பேச்சு வராமல் உட்கார்ந்திருக்கிறார்.

சுரங்கத்தின் வாயில் ஒரு கதவு இருக்கிறது. குளிர்காலத்தில் உள்ளே ஐஸ் கட்டாமல் இருக்க மூடி வைப்பார்கள், வண்டி பக்கத்தில் வந்தால் தானே திறக்கும். அது திறந்தது, வண்டி உள்ளே போனது, பின்னால் மூடிக்கொண்டது.

"திடீர்னு சத்தமே இல்லடா" என்றாள் அக்கா. "காத்து இல்ல, பனி இல்ல. காஞ்ச ரோடு, லைட்டு. டிரைவர் அப்பதான் மூச்சே விட்டார். அந்த அஞ்சு நிமிஷம் எனக்கு வலிகூட நின்ன மாதிரி இருந்துச்சு. இது முடியவே கூடாது, இங்கயே பெத்துடலாம்னு தோணுச்சு."

முடிந்தது. அப்புறம் மறுபடி புயல், ஊர்வலம். வழக்கமாக மூணு மணி நேரம் ஆகும் வழி, ஏழு மணி நேரம் ஆயிற்று. விடியற்காலை (விடியல் எங்கே வருகிறது, மணி மட்டும் ஆறு) குழந்தை ஆஸ்பத்திரியில் பிறந்தது. சுரங்கம் வந்து ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது. ஃபெரி காலமாக இருந்தால் அந்த ராத்திரி ஃபெரி கிளம்பியிருக்காது என்றார் அத்தான். அதற்கு மேல் அவர் அந்தப் பேச்சைத் தொடரவில்லை. எழுந்து போய் டீ போட்டார்.

அம்மாவுக்கு அப்போது போனில் வந்த செய்தி: "சுகப்பிரசவம், ஒரு கஷ்டமும் இல்ல."

இவ்வளவு தூரம் சுரங்கத்தைப் புகழ்ந்துவிட்டு அடுத்த பக்கத்தையும் சொல்லாவிட்டால் பாலன்ஸ் ஷீட் டாலி ஆகாது. சுரங்கம் வந்தால் ஊர் பிழைத்துக்கொள்ளும் என்பார்கள். வார்டோவைப் பாருங்கள். 1982-லிருந்து சுரங்கம் இருக்கிறது, ஒரு காலத்தில் நாலாயிரத்தை ஒட்டி இருந்த ஜனத்தொகை இப்போது ரெண்டாயிரம் பக்கம். மீன் குறைந்தால், ஃபாக்டரி மூடினால், ரோடு என்ன செய்யும்? சுரங்கத்துக்கு ரெண்டு வாய்.

அத்தானோடு மீன் வெட்டிய தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் ஒஸ்லோ பக்கம் போய்விட்டன. பிள்ளைகளின் படிப்பு, தமிழ்ப் பள்ளிக்கூடம், கோயில், அரிசி பருப்பு, எல்லாம் தெற்கில். "முந்தி வீட்டுச் சாமானோட போறதெண்டா ஃபெரிக்குக் காவல் இருக்கோணும், யோசிக்க நேரம் கிடைக்கும். சுரங்கம் திறந்தாப் பிறகு அஞ்சு நிமிசத்தில போயிட்டினம்" என்றார். ஒரு காலத்தில் பள்ளிக்கூட ஹாலை வாடகைக்கு எடுத்துப் பொங்கல் கொண்டாடியவர்கள், இப்போது அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலேயே எல்லோரும் உட்கார்ந்துவிடலாம். அத்தான் வேலை பார்த்த இடத்தில் ஆள் குறைத்தபோது ஸ்கூல் பஸ் ஓட்டப் போய்விட்டார். அக்கா முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். அங்கே இருக்கும் பாட்டிகளுக்கு அவள் வைக்கும் ரசம் சளிக்கு மருந்து.

நாலாம் நாள் மெதுவாக ஆரம்பித்தேன். "அக்கா, ஒஸ்லோ..."

அக்கா ஒரு பழைய டைரியை எடுத்து வைத்தாள். நான் பி.காம்., அவள் பிளஸ் டூ. ஆனால் கணக்கு அவளுடையது. இந்த வீடு கடன் அடைத்த வீடு. இதை விற்றால் ஒஸ்லோவில் ஒரு குளியலறை வாங்கலாம். ஃபின்மார்க்கில் இருப்பவர்களுக்கு வருமான வரி குறைவு. அங்கே வந்து வேலை செய்கிறவர்களுக்குப் படிப்புக் கடனில் வருஷா வருஷம் ஒரு பங்கை அரசாங்கமே தள்ளுபடி செய்கிறது. ஊரைவிட்டுப் போகாதே என்று கெஞ்சுவதை நாம் பாட்டில் எழுதுவோம், இவர்கள் வரிச் சட்டத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

"படிப்புக் கடனா? உனக்கு ஏது படிப்புக் கடன்?" என்றேன்.

"எனக்கில்லடா" என்றாள்.

விஷயம் இப்படி. மகளுக்கு ஹாம்மர்ஃபெஸ்ட் ஆஸ்பத்திரியில், அவள் பிறந்த அதே ஆஸ்பத்திரியில், ஒரு வேலை வந்திருக்கிறது. முதலில் ஆறு மாசம். பிடித்தால் பார்க்கலாம் என்று அப்பாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். அம்மாவிடம் சொன்னால் ஆசை வைத்துவிடுவாள் என்று. அத்தான் அன்று ராத்திரியே அக்காவிடம் சொல்லிவிட்டார். அக்கா தெரியாத மாதிரி இருக்கிறாள். மகளுக்கு, அம்மாவுக்குத் தெரியும் என்பது தெரியும் என்று எனக்குத் தோன்றுகிறது. இந்த வீட்டில் சுரங்கப் பாதைகள் அதிகம்.

மறுநாள் திருச்சிக்குப் போன் போட்டேன். "பேசினியா?" என்றாள் அம்மா. பேசினேன் என்றேன். "என்ன சொன்னா?" பாப்பாதான் அந்தப் பக்கம் வரப்போறா போலிருக்கு என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அப்ப ஒஸ்லோவுல யாரு இருக்கா?" என்று கேட்டாள். யாரும் இல்லை என்றேன். ஊறுகாயை ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் ராத்திரி தூக்கம் வராமல் மாடிக்குப் போனேன். பாதி ராத்திரி, வெளியே பட்டப்பகல் வெளிச்சம். மகளின் பழைய அறையில் அக்கா நாற்காலி மேல் ஏறி நின்று ஜன்னலை டேப் வைத்து அளந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் டேப்பின் அந்த முனையைப் பிடிக்கச் சொன்னாள்.

"ஒன்னே கால் மீட்டர், எழுதிக்கோ" என்றாள். "துணி கனமா எடுக்கணும்டா. இந்த வெளிச்சத்துல அவ தூங்க மாட்டா."